ஆடிப் பொருட்காட்சிக்கு ஒரு பெரிய மத்தன்: கீரிப்பாறைப் பக்கம் போட்டிப் பூசணி வளர்க்கும் முறை

'ராட்சதப் பூசணி விதை, ஒரு காய் ஒரு டன்' என்ற விளம்பரம் உங்கள் செல்போனிலும் வந்திருக்கும். பத்து விதை உள்ள பாக்கெட்டுக்குச் சில நூறு ரூபாய் கேட்கிறார்கள். படத்தில் ஒரு குழந்தை பூசணியின் மேல் உட்கார்ந்திருக்கும். கீரிப்பாறை, தடிக்காரன்கோணம் பக்கம் பத்து இருபது சென்ட் வைத்திருப்பவர் அதை வாங்கினால், பாக்கெட் விலையோடு நட்டம் நிற்காது. தை, மாசியில் அந்த மண்ணில் போட்டிருக்க வேண்டிய பயிரும், அதற்கு ஊற்றிய தண்ணீரும், நான்கு மாத உழைப்பும் சேர்ந்து போகும்.

அந்த விதையை வாங்க வேண்டாம் என்பதே இந்தக் கட்டுரையின் முதல் ஆலோசனை. அதற்காகப் பெரிய பூசணி வளர்க்கும் ஆசையை விட வேண்டியதில்லை. அந்தப் போட்டி விவசாயிகள் கையாளும் முறைகளை நம் நாட்டு மத்தனுக்குப் பயன்படுத்தினால், சந்தையில் பார்க்கும் காயைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய காயை எடுக்கலாம். கொண்டுபோய் வைக்க நம் மாவட்டத்திலேயே இடமும் உண்டு. குழித்துறை நகராட்சி ஆண்டுதோறும் ஆடி அமாவாசையை ஒட்டி நடத்தும் வாவுபலி பொருட்காட்சி அது. பெரிய வாழைக்குலை, சேனை, காச்சில், மரச்சீனி என்று விவசாயிகள் தங்கள் விளைச்சலைக் காட்டும் அந்த மேடையில் ஒரு பெரிய மத்தனும் இருக்கலாம். எந்தெந்தப் பிரிவு, என்ன விதி, எந்தத் தேதிக்குள் கொண்டுவர வேண்டும் என்பதை விதைக்கும் முன்பே நகராட்சி அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். இங்கே மத்தன் என்று சொல்வது மஞ்சள் பூசணியை. சென்னைப் பக்கம் அது பரங்கிக்காய், கொங்குப் பக்கம் அரசாணிக்காய். சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணி நமக்குத் தடியங்காய். அது வேறு இனம், இந்தக் கட்டுரையில் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு டன் காய் எங்கே விளைகிறது?

உலகப் போட்டிகளில் எடை போடப்படும் காய்கள் 'குக்கர்பிட்டா மேக்சிமா' என்ற இனத்தைச் சேர்ந்தவை. 1904 இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் கனடாவின் வில்லியம் வார்நாக் வைத்த காய் 403 பவுண்டு, அதாவது சுமார் 183 கிலோ. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் தாண்டவில்லை. பிறகு கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி, பெரிய காயின் விதையை மட்டும் எடுத்து, பெரிய காயோடு மட்டும் மகரந்தம் சேர்த்து, பல ஆண்டு தேர்வு செய்து 'அட்லாண்டிக் ஜயன்ட்' என்ற வகையை உருவாக்கினார். 1981 இல் அவருடைய காய் சுமார் 224 கிலோ வந்தது. இன்றைய போட்டிக் காய்களெல்லாம் அந்த வம்சம்தான். 2012 இல் ரான் வாலஸ் 911 கிலோ எடுத்தார். 2014 இல் சுவிட்சர்லாந்தின் பெனி மையர் 1,000 கிலோவைத் தாண்டினார். 2025 அக்டோபரில் இங்கிலாந்தின் இரட்டைச் சகோதரர்கள் ஸ்டூவர்ட், இயன் பேட்டன் எடுத்த காய் 1,278.8 கிலோ.

இந்தக் காய் வேகமாக வளரும் நாள்களில் ஒரே நாளில் 20 கிலோ கூடக் கூடும். இலை அதிகமாக உணவு தயாரிப்பதால் இப்படி வளர்வதில்லை. இலையில் உண்டான சர்க்கரையைக் காய்க்குக் கொண்டுபோகும் குழாய்த் திசு, சாதாரணப் பூசணியைவிட இந்த வகையில் அதிகம் என்று 2015 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது தேர்வு செய்து செய்து, காய்க்குப் போகும் வாய்க்காலை அகலமாக்கியிருக்கிறார்கள். வாய்க்கால் எவ்வளவு அகலமானாலும் அணையில் தண்ணீர் வேண்டுமே. அந்தத் தண்ணீர், இலை பகலில் தயாரித்து இரவில் செலவழித்தது போக மிஞ்சும் சர்க்கரை. கீரிப்பாறையில் விதை தோற்பது இந்தக் கணக்கில்தான்.

நோவா ஸ்கோஷியாவில் ஜூன் மாதத்துப் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். நாம் பூமத்திய ரேகையிலிருந்து எட்டரை டிகிரிக்குள் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலே பன்னிரண்டரை மணி நேரத்தைச் சற்றுத்தான் தாண்டும். தினமும் மூன்று மணி நேர வெயில் குறைவு. அங்கே இரவு குளிர்ந்துவிடும், செடி மூச்சு விடச் செலவழிக்கும் சர்க்கரை குறையும். இங்கே பங்குனி, சித்திரையில் இரவிலும் புழுக்கம். பகலில் சேர்த்ததில் பெரும் பங்கு இரவிலேயே கரைந்துவிடும். நடுப்பகலில் வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் அந்த அகன்ற இலைகள் வாடித் தொங்கி வேலையை நிறுத்திவிடும். இதோடு நம் ஊரின் ஈரமும் பழ ஈயும் வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோயும் சேர்ந்தால் கொடி காய் பிடிக்கும் வரை தாங்குவதே பெரிய விஷயம்.

மேக்சிமா இனமே இந்தியாவில் வராது என்று சொல்லவில்லை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா சூர்யமுகி' அந்த இனம்தான். அதன் காய் ஒன்று, ஒன்றரை கிலோ. நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றபடி தேர்வு செய்தால் அந்த இனம் எந்த அளவில் நிற்கிறது பாருங்கள்.

பாக்கெட் விதையைப் பற்றி இன்னும் இரண்டு சொல். விற்பனைக்கு வரும் விதையில் பயிர், ரகம், முளைப்புத் திறன், பரிசோதித்த தேதி, செல்லுபடியாகும் காலம் ஆகியவை அச்சிட்ட லேபிள் இருக்க வேண்டும். படம் மட்டும் இருந்து இவை இல்லாவிட்டால் வாங்காதீர்கள். பிறகு முறையிடவும் வழியிருக்காது. வெளிநாட்டிலிருந்து நேரே பார்சலில் வரும் விதைக்கு 2003 ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் தேவை. தபாலில் வரும் பாக்கெட்டுக்கு இவை இருப்பதில்லை. அதோடு நம் ஊரில் இல்லாத ஒரு நோயும் உள்ளே வந்துவிடலாம்.

நமக்கு ஏற்ற விதை

நம் மத்தன் 'குக்கர்பிட்டா மாஸ்கேட்டா' இனம். வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கும். அடையாளம் காண்பது எளிது: காம்பு ஐந்து பட்டையாகக் கெட்டியாக இருக்கும், காயோடு சேரும் இடத்தில் பாதம் போல விரியும். மேக்சிமாவின் காம்பு உருண்டையாக, தக்கை போல இருக்கும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் 7 முதல் 8 கிலோ எடையுள்ள காய் தருவது, வயது 175 நாள். கோ 2 காய் ஒன்றரை, இரண்டு கிலோதான். வீட்டுச் சமையலுக்கு அதுவே வசதி, போட்டிக்கு உதவாது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அம்பிலி நடுத்தரக் காய். போட்டிக்கு என்றால் கோ 1, அல்லது உங்கள் பகுதியில் யாராவது வழிவழியாகக் காப்பாற்றி வரும் பெரிய காய் மத்தன். இரண்டாவதையே நான் சிபாரிசு செய்வேன். அந்த மண்ணுக்கும் அந்த மழைக்கும் பழகிய விதை அது. ஓணத்துக்கு எரிசேரி வைக்கப் பெரிய காய் வாங்கினால், விதையைத் தூக்கிப் போடாமல், காய் எங்கே விளைந்தது என்று கேட்டு எடுத்து வையுங்கள்.

ஒரு கொடியில் நான்கைந்து காய் விட்டே ஏழெட்டு கிலோ தரும் ரகத்தில், ஒரே காய் விட்டு, முழுக் கொடியின் உணவையும் அதற்கே கொடுத்தால் 15, 20 கிலோ எட்டக்கூடிய இலக்கு. விதை நல்லதாக அமைந்தால் மேலும் கூடும்.

ஆடி அமாவாசையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

சாதாரண விவசாயத்தில் விதைத்த நாளிலிருந்து அறுவடை நாளை எண்ணுவோம். போட்டிக்கு நேர் எதிர். ஆடி அமாவாசை ஒவ்வோர் ஆண்டும் மூன்று வாரம் வரை முன்பின் நகரும். 2024 இல் ஆகஸ்ட் 4, 2025 இல் ஜூலை 24, 2026 இல் ஆகஸ்ட் 12. கோ 1 ரகத்தின் 175 நாளைக் கழித்தால், 2025க்கு ஜனவரி 30 அன்றும், 2026க்குப் பிப்ரவரி 18 அன்றும் விதை மண்ணில் இருந்திருக்க வேண்டும். பொருட்காட்சிக்குக் காய் சில நாள் முன்பே போய்ச் சேர வேண்டியிருக்கும். அதனால் ஒரு வாரம் முன்னதாகவே விதைப்பது நல்லது. நாட்டு விதையென்றால் அதன் வயதை விதை கொடுத்தவரிடமே கேளுங்கள்.

இந்தக் காலக்கணக்கு கீரிப்பாறைக்கு ஓரளவு வாய்ப்பானது. வடகிழக்கு மழை ஓய்ந்த மண்ணில் ஈரம் இருக்கும்போதே தை, மாசியில் விதைக்கிறோம். பங்குனி, சித்திரையில் நல்ல வெயிலில் கொடி ஓடிப் பூக்கிறது. சித்திரை, வைகாசிக் கோடை மழையில் காய் பெருக்கிறது. சிக்கல் ஜூனில்தான். தென்மேற்குப் பருவமழை மலையடிவாரத்தில் விடாமல் பெய்யும்போது, காய் ஏறத்தாழ முழு எடையோடு தரையில் கிடக்கும். ஜூன் முதல் வாரத்துக்குள் தோல் கெட்டிப்பட்டிருந்தால் தப்பிக்கும், இல்லையென்றால் அடியிலிருந்து அழுகும். எனவே ஏப்ரல் நடுவுக்குள் காய் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அந்த ஆண்டு போட்டியை விட்டுவிட்டு, கொடியைச் சாதாரணமாகக் காய்க்க விட்டு விற்றுக்கொள்ளுங்கள்.

இடமும் குழியும்

வளர்ந்த ரப்பருக்கு அடியில் வராது. பலா, அயனி நிழல் விழும் முற்றத்தோரமும் வேண்டாம். காலையிலிருந்து குறைந்தது ஆறேழு மணி நேரம் நேர்வெயில் விழும் இடம் தேவை. புதிதாக ரப்பர் கன்று வைத்த நிலத்தில் முதல் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி கிடைக்கும், அது பொருத்தமான இடம். சரிவில் என்றால் குழிக்கு மேல்புறம் சிறு வரப்பு எடுத்து மழைநீரைத் திருப்பிவிடுங்கள். ஒரு கொடிக்கு ஒரு சென்ட் என்று கணக்கு வையுங்கள்.

பல்கலைக்கழகப் பரிந்துரை 30 சென்டிமீட்டர் கன சதுரக் குழி, அதில் 10 கிலோ தொழு உரம், 6:12:12 விகிதக் கலப்பு உரம் 100 கிராம். போட்டிக் கொடிக்குக் குழியை இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று பெரிதாக்கலாம். நன்றாக மக்கிய தொழு உரம் 20 முதல் 25 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோ, டிரைக்கோடெர்மா விரிடி 50 கிராம் கலந்து, மேல்மண்ணோடு நிரப்பி, இரண்டு வாரம் ஈரம் காட்டி வையுங்கள். பச்சைச் சாணத்தை நேரே போடக் கூடாது. வேர் கருகும், வண்டுப் புழு வரும்.

மலையடிவாரத்துச் செம்மண் பொதுவாகப் புளிப்பு மண். சுண்ணாம்பு இடாமல் உரம் மட்டும் கூட்டிக்கொண்டே போனால் பலன் பாதிகூட வராது. எவ்வளவு சுண்ணாம்பு என்பதை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ ஆலோசனை கேட்டு, மார்கழியிலேயே மண் மாதிரி கொடுத்துவிடுங்கள். போரான் சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அடைமழை கழுவும் மண்ணில் அது குறைவாக இருப்பதுண்டு, குறைந்தால் காய் வெடிக்கும்.

ஒரு கொடிதான் வேண்டும் என்றாலும் மூன்று குழியாவது எடுங்கள். குழிக்கு ஐந்து விதை ஊன்றி, பதினைந்து நாள் கழித்து வலுவான இரண்டை விட்டு, கொடி ஓடத் தொடங்கியதும் ஒன்றாக்குங்கள். மஞ்சள் தேமல் கண்ட செடியை இரக்கப்படாமல் பிடுங்கி எரித்துவிடுங்கள். அதை மருந்தடித்துக் காப்பாற்ற முடியாது, வெள்ளை ஈ அங்கிருந்து மற்றதற்குக் கொண்டுபோய்விடும். முப்பதாம் நாள் 10 கிராம் தழைச்சத்து, அதாவது சுமார் 22 கிராம் யூரியா, கொடியைச் சுற்றி இட்டு மண் அணையுங்கள். அதற்கு மேல் யூரியா வேண்டாம். கொடி கரும்பச்சையாகக் காடு போலப் படர்ந்து, பெண் பூ மட்டும் வராமல் நிற்பது பெரும்பாலும் யூரியாவின் வேலைதான்.

ஒரே காய்

முதன்மைக் கொடி ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பக்கக் கொடி. மற்றக் கிளைகளை விரல் நீளத்திலேயே கிள்ளிவிடுங்கள். கொடியின் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும் இயல்பு உண்டு. உலகப் போட்டியாளர்கள் அந்தக் கணுக்களையெல்லாம் மண்ணுக்குள் புதைக்கிறார்கள், கொடி ஓரிடத்தில் குடிக்காமல் பத்து இடத்தில் குடிக்கிறது. நமக்கும் இது செலவில்லாத வேலை. கணு விழும் இடத்தில் ஒரு கை மக்கிய உரம் போட்டு, கொடியைப் படிய வைத்து, மேலே இரண்டு விரல் மண் மூடுங்கள். கொடி காற்றில் புரளாமல் இருக்கவும் இது உதவும்.

பெண் பூவைக் கூட்டுவதற்காக விதைத்த பத்துப் பதினைந்து நாளில் தொடங்கி எத்ரல் தெளிக்கும் பரிந்துரை உண்டு. அது நிறையக் காய் வேண்டுவோருக்கு. ஒரே காய் வேண்டும் என்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

முதலில் ஆண் பூக்கள் வரும், நீளக் காம்பில். சில நாள் கழித்து, அடியில் சிறு உருண்டையோடு பெண் பூ வரும். கொடியின் தொடக்கத்தில் வரும் முதல் ஒன்றிரண்டு பெண் பூவைக் கிள்ளிவிடுங்கள். வேருக்கு மிக அருகில் பிடிக்கும் காய்க்குப் பின்னால் போதிய இலை இருப்பதில்லை. தூரிலிருந்து எட்டுப் பத்து அடி தள்ளி, முதன்மைக் கொடியில் வரும் பெண் பூதான் நம் காய்.

தேனீ வரட்டும் என்று காத்திருக்காமல் கையால் மகரந்தம் சேர்ப்பது நல்லது. மறுநாள் விரியப்போகும் மொட்டு முந்தைய மாலை மஞ்சளாகி நுனி இறுகியிருக்கும். அந்தப் பெண் மொட்டையும் மூன்று ஆண் மொட்டையும் நூலால் மெதுவாகக் கட்டிவிடுங்கள். காலை ஆறு, ஏழு மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுத் தண்டைப் பெண் பூவின் சூல்முடி முழுவதும் படும்படி தடவுங்கள். மூன்று ஆண் பூவையும் பயன்படுத்துங்கள். மகரந்தம் குறைந்தால் காய் ஒரு பக்கம் சப்பையாகப் போகும். பிறகு பெண் பூவை மறுபடி கட்டி, தேதி எழுதிய ஓலைத் துண்டு ஒன்றைப் பக்கத்தில் குத்தி வையுங்கள். வெயில் ஏறிய பின் செய்தால் பெரும்பாலும் பிடிக்காது. இப்படி இரண்டு மூன்று பூவுக்குச் செய்து, பத்து நாளில் எது வேகமாகப் பெருக்கிறது என்று பார்த்து அதை மட்டும் விடுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் பலருக்குக் கை வராது. தேங்காய் அளவு வளர்ந்த நல்ல பிஞ்சை அறுத்துப் போட மனம் ஒப்பாது, 'இதுவும் கிடக்கட்டும்' என்று விட்டுவிடுவார்கள். இரண்டு காய் விட்டால் இரண்டு நடுத்தரக் காய் கிடைக்கும். அறுத்த பிஞ்சைத் துவரன் வையுங்கள், வீணாகாது. காய் பிடித்த இடத்துக்கு அப்பால் பத்துப் பன்னிரண்டு இலை விட்டு நுனியைக் கிள்ளுங்கள். அதன் பின் வரும் ஒவ்வொரு பெண் பூவையும் அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

பெருக்கும் காயைப் பாதுகாப்பது

காய் தேங்காய் அளவு இருக்கும்போதே அதன் இருக்கையைச் சரி செய்ய வேண்டும், பிறகு அசைக்க முடியாது. அடியில் மூன்று விரல் ஆற்று மணல், அதன் மேல் உலர்ந்த வைக்கோல் அல்லது துளையிட்ட பழைய பலகை. பிளாஸ்டிக் தாள் வேண்டாம், தண்ணீர் தேங்கி அடி அழுகும். காய் பருக்கும்போது அதன் தோள் உயர்ந்து காம்பை மேலே தூக்கும். அருகே மண்ணில் வேர் விட்ட கணு இருந்தால் கொடி கிழியும். ஆகவே காய்க்கு இருபுறமும் இரண்டு மூன்று கணுவை மட்டும் புதைக்காமல் தளர்வாக விட்டு, காம்பு கொடிக்குக் குறுக்காக நிற்கும்படி சில நாள்களில் சிறிது சிறிதாகத் திருப்பி வையுங்கள்.

காயின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதனால் தண்ணீர் ஊற்றித் தள்ளினால் பெரிதாகும் என்று நினைக்க வேண்டாம். நான்கு நாள் காய விட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் உள்ளே வேகமாகப் பெருத்து, தோல் ஈடுகொடுக்காமல் வெடிக்கும். வெடிப்பு விதை இருக்கும் குழி வரை போனால் உலகப் போட்டி விதிகளில் அந்தக் காய்க்கு இடமில்லை. எந்த ஊர் நடுவரும் அழுகும் காயை ஏற்க மாட்டார். சொட்டுநீர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தினமும் காலையில் ஒரே அளவு. பெரிய கோடை மழை பெய்த மறுநாள் நிறுத்துங்கள்.

தோலை வெயில் சுடாமல் தென்னோலைக் கீற்றால் ஒரு சிறு பந்தல் போடுங்கள். வெயில் பட்ட தோல் சீக்கிரம் இறுகிவிடும், அதன் பின் காய் பருக்காது. ஜூனில் அதே பந்தலின் மேல் தார்ப்பாய் விரித்தால் மழைக்கும் ஆகும்.

காய் பிடித்த பின் பொட்டாஷ் முக்கியம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கலந்து பத்து நாளுக்கு ஒரு முறை மாலையில் இலையில் தெளிக்கலாம். போரான் குறை என்று பரிசோதனை சொல்லியிருந்தால் மட்டும் போரான் தெளியுங்கள். அது கொஞ்சம் மிஞ்சினாலும் இலை கருகும்.

பழ ஈ பிஞ்சுத் தோலில் குத்தி முட்டையிடும். குத்திய இடத்தில் பிசின் போல ஒரு துளி நிற்கும், உள்ளே புழு போய்விட்டது என்று பொருள். பூ வரும் முன்பே கியூலூர் கவர்ச்சிப் பொறி இரண்டை, கொடியை விட்டுச் சற்றுத் தள்ளிக் கட்டுங்கள். மாம்பழத்துக்கு வைக்கும் மீத்தைல் யூஜினால் பொறி இந்த ஈக்கு வேலை செய்யாது, கடையில் கேட்டு வாங்குங்கள். பொறி ஆண் ஈயை மட்டும் பிடிப்பதால், பிஞ்சைத் தோல் இறுகும் வரை பழைய வேட்டித் துணியால் தளர மூடி வைப்பதே உறுதியான காப்பு. செவ்வண்டைக் காலைப் பனியில் கையால் பொறுக்கலாம், ஒரு சென்ட் கொடிதானே. சாறுறிஞ்சிகளுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல், அதுவும் தேனீ போன பின் மாலையில். கந்தகத் தூள், தாமிர மருந்து எதையும் பூசணிக் கொடியில் போடாதீர்கள், இலை எரிந்துவிடும்.

யானையும் பன்றியும்

கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டி வளர்ப்பவருக்கு இது உரம், தண்ணீரைவிடப் பெரிய கேள்வி. பழுக்கத் தொடங்கும் மத்தனின் வாசம் பன்றியை இழுக்கும், முள்ளம்பன்றியை இழுக்கும். பலாப்பழக் காலமும் அதுவே என்பதால் யானையும் அந்தப் பக்கம்தான் நடக்கும்.

ஒரு காய்க்காக வீட்டு மின்கம்பியை வேலியில் இழுப்பது கூடவே கூடாது. அப்படி இழுத்த கம்பியில் யானை செத்திருக்கிறது, பன்றி செத்திருக்கிறது, அதிகாலையில் பால்வெட்டப் போகும் மனிதரும் சாகலாம். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சிறைத் தண்டனை உண்டு. சூரிய சக்தி வேலி என்றாலும் தமிழ்நாடு மின்வேலிகள் பதிவு, ஒழுங்குமுறை விதிகள் 2023 இன் கீழ் அனுமதி பெற வேண்டும், வனச்சரக அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

கொடியை வீட்டுக்கு அருகில், விளக்கு வெளிச்சமும் நாய்க்குரைப்பும் எட்டும் தூரத்தில் வையுங்கள். காட்டோரத் துண்டு நிலம் எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும் போட்டிக் காய்க்கு வேண்டாம். பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் காயைச் சுற்றி மூன்றடி உயரத்தில் கம்பி வலையைக் கால் அடி மண்ணுக்குள் புதைத்து நிறுத்தினால் பெரும்பாலும் போதும். யானை வந்தே விட்டால் காயைக் கொடுத்துவிட்டு உள்ளே இருங்கள். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு வனத்துறையிடம் மனுச் செய்யலாம். சேதத்தைப் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் உடனே சொல்லுங்கள்.

வெட்டுவதும் எடை போடுவதும்

காம்பு காய்ந்து பழுப்பாகித் தக்கை போலக் கெட்டிப்பட்டு, நகம் வைத்து அழுத்தினால் தோலில் இறங்காமல் இருந்தால் முற்றிவிட்டது. ஆடி மழையில் நனைந்தபடி கிடக்க விடாமல், மழை விட்ட ஒரு நாளில் வெட்டுங்கள். காம்பு மூன்று விரலாவது காயோடு இருக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. உடைந்தால் அந்த வழியாக அழுகல் இறங்கும், பார்க்கவும் அழகு போய்விடும். சாக்கை இரண்டாக மடித்து அடியில் கொடுத்து இரண்டு பேர் தூக்குங்கள். வண்டியில் வைக்கோல் பரப்பி, இருந்த நிலையிலேயே வையுங்கள்.

எடைக்காகத்தான் போட்டி என்றால் முந்தைய நாள் வெட்டுங்கள். வெட்டிய காய் நாள்தோறும் ஈரம் இழந்து எடை குறையும். பல நாள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றால், பத்து நாள் முன்னதாக வெட்டி, காற்றோட்டமான நிழலில் தோலை உலர வைத்துக் கொண்டுபோவது நல்லது. அரை கிலோ குறைந்தாலும் கூட்டத்தின் நடுவில் அழுகாது.

அட்லாண்டிக் ஜயன்ட் காயைப் போட்டி முடிந்த பின் பெரும்பாலும் மாட்டுக்குப் போடுவார்கள், அல்லது குடைந்து படகாக்கி விளையாடுவார்கள். தண்ணீரும் நாருமாக இருக்கும், சமைத்தால் ருசி இல்லை. நம் மத்தன் அப்படியல்ல. நன்றாக உலர்த்தினால் இரண்டு மூன்று மாதம் கெடாது, ஆடிப் பொருட்காட்சி முடிந்து ஓணம் வரும்போது 20 கிலோ காய்க்குக் கல்யாண மண்டபச் சமையல்காரர்களிடம் கேள்வி இருக்கும். விற்கும்போது ஒரு நிபந்தனை வையுங்கள்: விதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கையால் மகரந்தம் சேர்த்துப் பூவைக் கட்டியிருந்ததால் அது கலப்பில்லாத விதை. சதையைக் கழுவி, தட்டையான விதையை ஒதுக்கி, பருத்ததை மட்டும் நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, காய் எடையும் விதைத்த தேதியும் எழுதிய காகிதத்தோடு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடுங்கள். அடுத்த தையில் பத்து விதை உங்களுக்குப் போதும், மிச்சத்தை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடலாம்.